அக்காவின் வாயாகப் போன நாள்

கொலோனுக்கு அருகே ஒரு மருத்துவமனையின் சமையற்கூடத்தில் பத்தொன்பது வருடமாகப் பாத்திரம் கழுவுகிறேன். கழுவுவது இயந்திரம். நாங்கள் அதற்கு ஊட்டுகிறவர்கள். வார்டுகளில் இருந்து சாப்பாட்டுத் தட்டுகள் தள்ளுவண்டிகளில் வரும். நீளமான ஓடுபட்டி ஒன்றில் அவற்றை ஏற்றுவார்கள். பட்டியின் இரு பக்கமும் ஆறு பேர் நிற்போம். ஒருவர் கரண்டிகளை எடுப்பார், ஒருவர் எச்சிலைக் கொட்டுவார், ஒருவர் கோப்பைகளைக் கவிழ்ப்பார். பட்டி நிற்காது. மூக்கைச் சொறியவும் நேரம் பார்க்க வேண்டும்.

எனக்கு இடப்பக்கத்தில் கானா நாட்டுப் பெண் ஒருவர் பன்னிரண்டு வருடமாக நிற்கிறார். என்னைவிட எட்டு வயது மூத்தவர். முதல் நாளே வாய் தவறி நான் "அக்கா" என்று கூப்பிட்டுவிட்டேன். அது என்ன என்று கேட்டார். சொன்னேன். அவருக்குப் பிடித்துவிட்டது. இப்போது தள்ளுவண்டி கொண்டுவரும் டோகோ நாட்டுக்காரரும், எதிரே கரண்டி எடுக்கும் போலந்துக்காரியும் அவரை அக்கா என்றுதான் கூப்பிடுகிறார்கள். நாங்கள் எல்லோரும் பேசிக்கொள்வது ஜேர்மனில். அந்தப் பேச்சை எனக்கு எழுத வருவது என் ஊர்த் தமிழில்தான். அப்படியே எழுதுகிறேன்.

நான் பேசாத ஆள். பத்தாம் வகுப்போடு படிப்பு முடிந்தது. தமிழிலேயே நாலு பேர் முன்னால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். ஜேர்மனைக் கேட்கவே வேண்டாம். அதனால் இடைவேளைகளில் கேட்டுக்கொண்டிருப்பேன். ஆபிரிக்காவைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த இடைவேளை அறையில் கேட்டதுதான்.

டோகோக்காரரும் அக்காவும் அரசியல் பேசத் தொடங்கினால் தேத்தண்ணீர் ஆறிவிடும். அவர்கள் நாடுகள் இரண்டும் பக்கத்துப் பக்கத்து நாடுகள். "எங்கட நாட்டில தோத்த ஆள் வெண்ட ஆளுக்கு டெலிபோன் எடுத்து வாழ்த்துச் சொல்லுறான்" என்று அக்கா தொடங்குவார். "ஓம், ஓம், சொல்லிப்போட்டு வெண்டவனும் தோத்தவனும் ஒரே தங்கச் சுரங்கத்தைத்தான் பாக்கினம்" என்பார் அவர். "உங்கட நாட்டில டெலிபோன் எடுக்கத் தேவையில்லை. அப்பா கதிரையால எழும்ப மகன் இருக்கிறார். ஒரே வீட்டுக்குள்ள கூப்பிட்டாக் கேக்கும்தானே?" இப்படித் திருப்பிக் கொடுப்பார் அக்கா. டோகோக்காரரே அதற்குச் சிரிப்பார். சிரிக்காமல் வேறென்ன செய்வது? தன் ஊருக்குப் போய்ப் பதினாறு வருடம் என்று ஒருமுறை சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. எனக்கும் அப்படியான வருடங்கள் இருந்தன.

அக்காவுக்குப் பழமொழிகள் உண்டு. நிறைய. அவற்றில் ஒன்றைக்கூட இங்கே எழுதமாட்டேன். ஒருமுறை ஒன்று பிடித்துப்போய்க் கொப்பியில் எழுதித் தரச் சொன்னேன். மறுத்துவிட்டார். "இது பொக்கற்றுக்குள்ள கொண்டுபோற இனிப்பு ரொபி இல்லை. அதுக்கு ஒரு பிரச்சினை வேணும். கேக்கிறதுக்கு ஆக்கள் வேணும். பெரியாக்கள் இருந்தா முதலில அவையிட்டை மன்னிப்புக் கேக்க வேணும்." உண்மைதான். சொல்வதற்கு முன் ஒவ்வொரு முறையும் தன்னைவிட ஒரு வயது மூத்த டோகோக்காரரைப் பார்த்துத் தலையை மெல்லக் குனிவார். நாள் முழுக்க அவரோடு சண்டை பிடித்திருந்தாலும் அந்தக் குனிதல் தவறாது.

எங்களுக்குள் பிரச்சினை வந்தால் தீர்ப்பதற்கும் அவரிடம் ஒரு முறை இருந்தது. இடைவேளை அறையில் கதிரைகளை வட்டமாகப் போடுவோம். வயதில் இளையவர் முதலில் பேசுவார், மூத்தவர் கடைசியில். நடுவில் ஒருவரும் குறுக்கிடக் கூடாது. கை உயர்த்தி எண்ணுவது கிடையாது. "எண்ணினா தோத்தவன் ஒருத்தன் இருப்பான், அவன்ர பக்கத்தில நிண்டு நாளைக்கு வேலை செய்யேலாது" என்பார் அக்கா. எல்லோரும் சரி என்று சொல்லும்வரை பேச்சு போகும். முடியாவிட்டால் நாளைக்கு. என் முறை வரும்போது "எனக்கும் அதுதான்" என்று சொல்லி அடுத்தவருக்கு விட்டுவிடுவேன்.

இரண்டு வருடத்துக்கு முன் புது மேலாளர் வந்தார். ஜேர்மன் பெண், முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல சிரிப்பு. வந்த மூன்றாம் மாதம் பட்டியில் ஆறு பேரை ஐந்தாக்கினார். ஆறாவது ஆளின் வேலை எங்கள் கைகளுக்கு வந்தது. நாங்கள் வட்டமாக உட்கார்ந்தோம். இரண்டு இடைவேளை போயிற்று. முடிவு இதுதான்: ஐந்து பேர் என்றால் ஐந்து பேருக்கான வேகம். பட்டியைக் குறைத்து ஓட்டுவோம். அக்கா அதை மேலாளரிடம் நேரே போய்ச் சொன்னார். மறைத்துச் செய்யவில்லை.

பத்து நாளில் மேலாளர் என்னை அலுவலகத்துக்குக் கூப்பிட்டார். குடிக்கக் கோப்பி தந்தார். என் பிள்ளைகள் என்ன படிக்கிறார்கள் என்று கேட்டார். பிறகு ஒரு தாளை என் பக்கம் திருப்பினார். "இது உங்களைப் பற்றியது இல்லை. பொதுவான விஷயம். இங்கே மட்டும்" என்று பேனையால் ஒரு கோட்டைத் தொட்டார்.

நான் கையெழுத்துப் போட்டேன்.

இதை எப்படி விளக்குவது? எங்கள் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. அகதி விடுதியில் இருந்த காலத்தில் அரசாங்கக் கந்தோரில் தாளை நீட்டுவார்கள், பேனை ஒரு கோட்டைத் தொடும், நாங்கள் போடுவோம். எங்களுக்கு மொழிபெயர்க்க வந்த அண்ணை சொல்லித் தந்ததே அதுதான்: "வாசிச்சுக்கொண்டு நிண்டா சந்தேகப்படுவாங்கள், கெதியாப் போடுங்கோ." அப்படி எத்தனை தாள்! வீட்டுக்கு, பள்ளிக்கூடத்துக்கு, தடுப்பூசிக்கு, எதற்கென்றே தெரியாததற்கு. ஜேர்மன் வாசிக்கத் தெரிந்த பிறகும் கை அந்தப் பழக்கத்தை விடவில்லை. சிரித்த முகமும் பேனையும் கோடும் ஒன்றாக வந்தால் என் கண் வாசிக்காது. கை மட்டும் போகும்.

அடுத்த கிழமை அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. அப்மானுங் என்பார்கள் அதை. இடைவேளைகளில் கூட்டம் நடத்துகிறார், அதனால் வேலை பிந்தித் தொடங்குகிறது, சக ஊழியர்களை நிர்வாகத்துக்கு எதிராகத் தூண்டுகிறார் என்று எழுதியிருந்தது. ஒரு சக ஊழியர் இதை எழுத்தில் உறுதிப்படுத்தியிருக்கிறார் என்றும் இருந்தது. பெயர் இல்லை. இப்படி இன்னொன்று வந்தால் வேலை போகும். அக்காவுக்கு வயது ஐம்பத்தொன்பது. அந்த வயதில் கழுவுகிற வேலைக்கு வேறு யார் எடுப்பார்கள்?

அன்று வட்டமாக உட்கார்ந்தபோது கடிதம் நடுவில் மேசையில் கிடந்தது. போலந்துக்காரிதான் எங்களில் இளையவர். "ஆர் எண்டு தெரிஞ்சா எச்சில் வாளிக்குள்ள தலையை அமத்துவன்" என்றார். அடுத்தது நான். எனக்கும் அதுதான் என்று சொல்லியிருக்கலாம். ஒருவருக்கும் தெரிந்திருக்காது. என் காது இரண்டும் சுட்டன.

"அது நான்" என்றேன்.

குறுக்கிடக் கூடாது என்ற விதியை முதன்முதலில் உடைத்தவர் டோகோக்காரர். "நீயோ? பன்னிரண்டு வருசம் வாய் திறக்காத ஆள், கடைசியில கையால கதைச்சுப்போட்டாய்!" யாரும் சிரிக்கவில்லை. போலந்துக்காரி எச்சில் வாளி இருந்த பக்கத்தைப் பார்த்துவிட்டுத் தன் கைகளைப் பார்த்தார்.

டோகோக்காரர் தன் முறையை அதிலேயே முடித்துவிட்டதால் அக்கா கடைசியில் பேசினார். என்னிடம் மூன்று கேள்வி கேட்டார்.

"வாசிச்சியோ?"

"இல்லை."

"வெருட்டினவளோ?"

"இல்லை. கோப்பி தந்தவ."

"இண்டைக்குத் தந்தா போடுவியோ?"

"மாட்டன்."

அவர் கடிதத்தை எடுத்து மடித்தார். பிறகு சொன்னார்: "கடிதத்துக்கு எதிராப் பேச எனக்கு ஒரு டெர்மின் தந்து நாள் குறிச்சிருக்கினம். நம்பிக்கையான ஆள் ஒருத்தரைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். நான் இவளைக் கூட்டிக்கொண்டு போறன்."

அறையில் கூச்சல். அவர் கையைத் தூக்கினார். அப்போதுதான் தன் மாமனைப் பற்றிச் சொன்னார். கானாவில் குமாசி நகருக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அந்த மாமன், ஊர்த் தலைவருக்காகப் பேசுகிறவர். அங்கே தலைவர் வந்தவர்களோடு நேரே பேசமாட்டார். மெல்லிய குரலில் மாமனிடம் சொல்வார். மாமன் சபைக்குச் சொல்வார். சபை தலைவருக்குச் சொல்வதும் மாமன் வழியாகத்தான் போகும். கையில் ஒரு நீளமான கோல் வைத்திருப்பார். கோலின் தலையில் செதுக்கிய உருவம் ஒன்று இருக்கும். ஒவ்வொரு உருவத்துக்கும் ஒரு பழமொழி. எந்தக் கோலோடு வருகிறார் என்று பார்த்தே இன்று கோபமா சமாதானமா என்று ஊருக்கு விளங்கிவிடும்.

"எனக்குப் பேசத் தெரியாது, அக்கா" என்றேன்.

"அதுதான் நல்லம். பேச்சு உன்ரை இல்லை. என்ரை. நீ வாய் மட்டும். வாய்க்கு வெக்கம் கிடையாது." பிறகு விரலை நீட்டினார். "ஒரு சட்டம். நான் சொல்லுறதை இன்னும் அழகாக்கலாம். சின்னனாக்கக் கூடாது."

இது தண்டனையா நம்பிக்கையா என்று எனக்கு அன்று விளங்கவில்லை. இன்றும் முழுதாக விளங்கவில்லை.

வீட்டில் என் கணவருக்குச் சொன்னேன். அவர் நல்ல மனிதர், ஆனால் எங்கள் ஆட்கள் பலருக்கு இருக்கிற நோய் அவருக்கும் இருந்தது. "ஒரு கறுவலுக்காண்டி நீ ஏன் உன்ரை வேலையைக் கெடுக்கிறாய்? பேசாமல் இரு" என்றார். பேசாமல் இருப்பதில் எனக்குப் பயிற்சி தேவையில்லை என்று அவருக்குத் தெரியும். கறுவல். எங்களை விமான நிலையத்தில் வரிசையை விட்டுத் தள்ளி நிறுத்தியவனுக்கு நாங்கள் என்ன நிறமாகத் தெரிந்தோம்?

"அவ என்ரை பக்கத்தில பன்னிரண்டு வருசம் நிண்டவ" என்றேன். "எனக்கு ஒப்பரேசன் நடந்தபோது சூப் கொண்டுவந்தவ. உங்கட தமிழ்ச் சங்கத்து ஆக்கள் ஒருதரும் வரேல்லை. இனி அந்தச் சொல்லு இந்த வீட்டில வேண்டாம்."

அவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார். அந்தச் சொல்லை அதற்குப் பிறகு என் முன்னால் அவர் சொல்லவில்லை.

டெர்மின் ஒரு வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. நாங்கள் புறப்பட, டோகோக்காரர் தரை துடைக்கிற நீளத் தடியைக் கொண்டுவந்து நீட்டினார். "இந்தா, கோல். தலையில ஈரத்துணி இருக்கு. பாத்த உடனை விளங்கும், ஊத்தையைத் துடைக்க வாறம் எண்டு." எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தடியை வாங்கவில்லை. அக்கா வேலை உடுப்பில் வரவில்லை. தேவாலயத்துக்குப் போகும்போது உடுத்தும் மஞ்சளும் பச்சையுமான துணியில், தலையில் உயரக் கட்டிய துணியோடு வந்தார். நான் என்னிடமிருந்த ஒரே நல்ல கோட்டைப் போட்டிருந்தேன்.

அலுவலகத்தில் மேலாளரும் நிர்வாகப் பிரிவில் இருந்து ஒருவரும் இருந்தார்கள். "காலை வணக்கம்" என்றார் மேலாளர். அக்கா அசையவில்லை. என் காதுப் பக்கம் சாய்ந்து, எல்லோருக்கும் கேட்கிற குரலில், ஜேர்மனில் சொன்னார்: "காலை வணக்கம் எண்டு சொல்லு."

நான் ஜேர்மனில் "காலை வணக்கம்" என்றேன்.

நிர்வாகப் பிரிவுக்காரர் என்னைப் பார்த்தார். "அவருக்கு ஜேர்மன் தெரியாதா?"

"நல்லாத் தெரியும்" என்றேன். வாய் அதோடு நிற்கவில்லை. "இந்த அறையில் இருக்கிற எல்லோரையும்விட அழகாகப் பேசுவார்."

அக்கா என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவர் முழங்கை என் முழங்கையை மெல்லத் தொட்டது.

"பிறகு ஏன் நேரே பேசவில்லை?" என்றார் மேலாளர்.

அக்கா என் காதில் சொன்னார். நான் சொன்னேன்: "இது பெரிய விஷயம். பெரிய விஷயத்தை அவர் ஊரில் வாய்க்கு வாய் பேசமாட்டார்கள். நடுவில் ஒரு ஆள் இருந்தால் கோபம் அந்த ஆளில் பட்டு ஆறும். உங்களுக்கும் அது நல்லது."

அப்படியே போயிற்று. மேலாளர் சொல்வதை அக்கா கேட்பார், கேட்காதவர் போலிருப்பார். நான் அதையே அவருக்குத் திருப்பிச் சொல்வேன். அவர் என் காதில் சொல்வார். நான் மேலாளருக்குச் சொல்வேன். எல்லாம் ஜேர்மனில். நாலு பேருக்கும் எல்லாம் விளங்கிக்கொண்டிருந்தது. முதல் பத்து நிமிடம் நிர்வாகப் பிரிவுக்காரர் மணிக்கூட்டைப் பார்த்தபடி இருந்தார். பிறகு பார்க்கவில்லை. எல்லாம் இரண்டு முறை சொல்லப்பட்டதால் யாராலும் அவசரப்பட முடியவில்லை. மேலாளர் ஒருமுறை கோபமாக ஒன்று சொன்னார். அதை நான் அக்காவுக்குத் திருப்பிச் சொல்லும்போது, என் வாயில் அது எவ்வளவு அசிங்கமாக இருக்கிறதென்று மேலாளருக்கே கேட்டது. "அப்படிச் சொல்ல நினைக்கவில்லை" என்று திருத்தினார். திருத்தத்தையும் நான் திருப்பிச் சொன்னேன்.

அக்காவின் பேச்சு இதுதான்: "இடைவேளை எங்களுடையது. அதில் நாங்கள் பேசுவோம், பாடுவோம், கதிரையில் நித்திரை கொள்வோம். ஒருவரையும் பிடித்து வைக்கவில்லை. ஆறாவது ஆளை எடுத்தது நீங்கள். வேகத்தைக் குறைப்போம் என்று உங்கள் முகத்துக்கு நேரே வந்து சொன்னது நான். முகத்துக்கு நேரே சொல்வது தூண்டுதல் என்றால், முதுகுக்குப் பின்னால் தாள் வாங்குவதற்கு என்ன பெயர்?"

கடைசிக் கேள்வியை அக்கா கொஞ்சம் மெதுவாகத்தான் சொன்னார். நான் அதைச் சின்னதாக்கவில்லை.

மேலாளர் சிவந்துபோனார். ஆபிரிக்கக் கலாசாரத்தில் தனக்கு மிகுந்த மரியாதை என்றார். சுவரைக் காட்டினார். அங்கே ஒரு நாட்காட்டி தொங்கியது. சிங்கத்தின் படம். அதன் கீழே ஒரு பழமொழி. ஒவ்வொரு வருடமும் இந்த நாட்காட்டியைத்தான் வாங்குகிறாராம்.

அக்கா எழுந்து பக்கத்தில் போய் வாசித்தார். திரும்பி வந்து உட்கார்ந்து என் காதில் சொன்னார். நான் கேட்டேன்: "இது எந்த ஊரில் சொல்வது? யார், யாருக்கு, என்ன பிரச்சினையில் சொன்னது?"

மேலாளர் நாட்காட்டியைப் பார்த்தார். அதில் 'ஆபிரிக்கா' என்று மட்டும்தான் போட்டிருந்தது.

"'ஐரோப்பா சொன்னது' என்று ஒரு வசனத்தை நான் என் வீட்டுச் சுவரில் தொங்கவிட்டால் நீங்கள் சிரிப்பீர்கள்" என்று அக்காவின் பேச்சைச் சொன்னேன். நிர்வாகப் பிரிவுக்காரர் உண்மையிலேயே சிரித்துவிட்டு, இருமுவது போல் காட்டினார். பிறகு கோப்பைத் திறந்தார். "எப்படியிருந்தாலும் ஒரு எழுத்து வாக்குமூலம் இருக்கிறது" என்றார். என் கையெழுத்துள்ள தாள்.

அக்கா என் காதுப் பக்கம் சாய்ந்தார். "இதுக்குப் பேச்சு என்னட்டை இல்லை" என்றார். "இது உன்ரை."

வாய்க்கு வெட்கம் கிடையாது என்றவர், அந்த வாயைத் திருப்பி என்னிடமே தந்துவிட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் கதிரையை மேசைப் பக்கம் இழுத்தேன்.

"அந்தக் கையெழுத்து என்னுடையது. அதிலுள்ள எழுத்து என்னுடையது இல்லை" என்றேன். "நான் வாசிக்கவில்லை. எனக்கு வாசிக்கச் சொல்லவும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த நாளில் இருந்து நீட்டிய தாளிலெல்லாம் போட்டுக்கொண்டு வருகிறேன். இதைத் திரும்பப் பெறுகிறேன். நான் சொன்னதை இப்போதே எழுதுங்கள்."

"தவறான வாக்குமூலத்துக்கு விளைவுகள் உண்டு என்பது உங்களுக்குத் தெரியுமா?" என்றார் நிர்வாகப் பிரிவுக்காரர்.

"ஓம்" என்றேன். தமிழில் வந்துவிட்டது. பிறகு ஜேர்மனில் சொன்னேன். "எனக்கு ஒரு கடிதம் அனுப்ப வேண்டுமென்றால் அனுப்புங்கள். இவருடையதை எடுங்கள்."

அவர் எழுதினார். எழுதியதை என் பக்கம் திருப்பினார். வாசித்தேன். ஒரு சொல் விளங்கவில்லை, கேட்டேன். விளக்கினார். இன்னொரு முறை வாசித்தேன். மேலாளர் பேனையை மேசையில் தட்டிக்கொண்டிருந்தார். தட்டட்டும் என்று விட்டேன்.

மூன்று கிழமையில் அக்காவின் கடிதத்தைக் கோப்பில் இருந்து எடுத்துவிட்டதாக இரண்டு வரியில் அறிவித்தார்கள். மன்னிப்பு என்ற சொல் அதில் இல்லை. எனக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் தபாலில் வந்தது. கணவர், மன்னிப்புக் கேட்டு ஒரு கடிதம் எழுதினால் அதை எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டு வந்தார். எழுதமாட்டேன் என்றேன். போலந்துக்காரி அந்தக் கடிதத்தைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்தார். எதற்கு என்று கேட்டேன். "எங்கட பட்டியில இப்ப அப்மானுங் வாங்கின ஆள் நீதான். மரியாதை" என்றார்.

அக்கா நன்றி சொல்லவில்லை. அவர் ஊரில் தலைவர், தனக்காகப் பேசுகிறவருக்கு நன்றி சொல்வதில்லையாம். மாமன் சபையில் தவறாகப் பேசினால் மட்டும் வீட்டுக்கு வந்து திட்டு வாங்குவார். "நாட்காட்டிக் கதையில நீ கொஞ்சம் அவசரப்பட்டாய்" என்றார். அவ்வளவுதான்.

ஆறாவது ஆள் இன்னும் வரவில்லை. நாங்கள் ஐந்து பேர், ஐந்து பேரின் வேகத்தில் ஓட்டுகிறோம். மேலாளர் இப்போது இடைவேளையை இருவர் இருவராக எடுக்கச் சொல்கிறார். ஒருவரும் எடுப்பதில்லை. ஐந்து பேரும் ஒன்றாகப் போய்க் கதிரைகளை வட்டமாகப் போடுகிறோம். அக்காவுக்கு ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. அதுவரை அவர் இந்தப் பட்டியில் நிற்பார், பக்கத்தில் நான் நிற்பேன். இரண்டாவது கடிதம் எனக்கு வரலாம் என்கிறார்கள். வரட்டும். டெர்மினுக்கு நான் தனியாகப் போகமாட்டேன்.